நடுவரின் பக்கம்

மார்ச் 4, நகர நூலகத்தின் கணினி அறை. இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொகுக்கும் இருவர், ஒரு பெண் கால்பந்து நடுவரைப் பற்றிய கட்டுரையை வைத்திருப்பதா நீக்குவதா என்று பரிசீலித்தார்கள்.

“ரெண்டு பத்திரிகையில பேட்டி வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டும்யா,” என்றார் மூத்தவர்.

“ரெண்டும் உள்ளூர்ப் பத்திரிகை சார். யாரோ வேண்டியவங்க எழுதின மாதிரி இருக்கு. தூக்கிடலாம்,” என்றான் இளைஞன்.

“கல்நெஞ்சுக்காரன்யா நீ! ஆனா உன்னை மாதிரி நடுநிலையான ஆள் கிடையாது.”

கட்டுரை நீக்கப்பட்டது.

இளைஞன் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கைபேசியை நீட்டினாள். “என் பக்கத்தைக் காணோமேடா. யாரு எடுத்தது?”

பெற்றவளுக்குச் சலுகை காட்டினான் என்று பேச்சு வருமோ என்ற பயம்தான் நூலகத்தில் அவனை அப்படிப் பேச வைத்தது.

“யாரோ... தெரியலம்மா.”

“சரி விடு. நானும் எத்தனை பேரோட கோலைச் செல்லாதுன்னு சொல்லியிருக்கேன்!” என்று சிரித்தாள்.

மறுநாள் அவனைக் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வந்த வாழ்த்துகளுக்கு அவன் பதில் எழுதவில்லை.