ஆரிப் சாரின் கையொப்பம்

"ஆரிப் சார் என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாராக்கா?"

நிர்மலா அழுதுகொண்டே கேட்டாள். பாரிசுக்குப் போக வேண்டிய ஊதுபத்திப் பெட்டிகளை அவள் பெங்களூருக்கு அனுப்பிவிட்டாள். காலையிலேயே முதலாளி முஹம்மது ஆரிப் மின்னஞ்சலில் காய்ச்சி எடுத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகியும் அவரை அவள் நேரில் பார்த்ததில்லை. துபாயில் இருக்கிறாராம்.

"அழுவாத, நான் பேசிக்கிறேன்," என்றாள் பெரிய மார்க்கெட் பக்கத்து அந்த மாடி அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் கனீஸ் பாத்திமா. "மெயிலுக்கு அடியில போட அவரு சிக்னேச்சர் கேட்டாரே, அத மொதல்ல முடி. பேரு, பதவி, இந்தா அவரு போன் நம்பரு. அவ்ளோதான்."

நிர்மலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அழகாகவே செய்தாள். எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படியும் அமைத்தாள். போகிறதா என்று பார்த்து உடனே துண்டித்துவிடலாமென்று தன் கைப்பேசியில் தொட்டாள்.

பாத்திமாவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

துண்டித்தாள். நின்றது. மறுபடி தொட்டாள். மறுபடி அடித்தது.

"அக்கா... சார் போனு உங்க பையில..."

பாத்திமா பெருமூச்சு விட்டாள். "அப்படி ஒரு ஆளே கெடையாது நிர்மலா. பொம்பள பேருல மெயில் போட்டா, உங்க மொதலாளி யாருன்னு கேக்குறாங்க. அதான் நானே ஒருத்தர உண்டாக்குனேன்."

"அப்ப காலைல என்னைத் திட்டுனது?"

"நான்தான்."

நிர்மலா நாற்காலியை விட்டு எழுந்தாள். "அப்ப... என் வேல?"

"ஒக்காரு. சிக்னேச்சர்ல பேர மாத்து, என் நம்பரப் போடு. கனீஸ் பாத்திமா, உரிமையாளர்." பையிலிருந்து ஆரிப் சாரின் கைப்பேசியை எடுத்து அணைத்தாள் பாத்திமா. "இன்னிக்கு வேல போனது ஆரிப் சாருக்குத்தான்."