ஒட்டாத வயிறு

வயிற்றுக்கு வந்ததும் சித்திரக்காரன் தாளிலிருந்து தூரிகையை எடுத்துவிட்டான்.

எதிரே லாயத்து முற்றத்தில் செண்பகம் நின்றிருந்தாள். வெள்ளைப் பெட்டைக் குதிரை. நான்கு கால்களிலும் முழங்கால் வரை மருதாணிச் சிவப்பு. கடிவாளத்தைப் பிடித்தபடி மஸ்தான் ராவுத்தர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜாவின் முகத்தை நேற்றே தர்பாரில் எழுதி முடித்தாயிற்று. படத்துக்காகக் குதிரைமேல் ஏறி உட்கார்ந்து எந்த ராஜாவும் இடுப்பைப் புண்ணாக்கிக்கொள்வதில்லை. முகம் தர்பாரில், குதிரை லாயத்தில். ஏற்றி உட்கார வைப்பது சித்திரக்காரன் பாடு.

அரண்மனைக் குதிரை என்றால் படத்தில் வயிறு ஒட்டியிருக்க வேண்டும். அது இங்கே சட்டம். இருபது வருடமாக அப்படித்தான் எழுதுகிறான், கொள்ளு தின்று கொழுத்த கிழட்டுக் குதிரைகளுக்குக்கூட.

செண்பகத்தின் வயிறோ இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது.

“சினை, சித்திரக்காரரே” என்றார் ராவுத்தர். “எட்டு மாசம். தளவாய்கிட்ட மூணு தடவ சொல்லிட்டேன். எனக்குச் சண்டைக்கு வரப் பயமாம். அதான் சாக்குச் சொல்றேனாம்.”

ராஜா லாயத்துப் பக்கம் வந்து மாதக் கணக்காகிறது. குதிரைக்காரன் தர்பாருக்குள் நுழைய முடியாது.

ஒன்பது நாளில் படை புறப்படும். ராஜா செண்பகத்தின் மேல்தான் போவார். வேறு குதிரையில் போய் அவர் ஜெயித்ததில்லை என்று ஊரே சொல்லும். ஜெயித்ததே ஒரு தடவைதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

“அந்த ஓட்டத்துல குட்டி தங்காது” என்றார் ராவுத்தர். “தாயும் தங்குமான்னு தெரியல.”

படத்தில் பிழை என்றால் தளவாய் சும்மா விடமாட்டார். அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

தூரிகையைத் தோய்த்தான்.

கண்ணால் பார்த்த வயிற்றை எழுதினான்.

மறுநாள் தர்பாரில் படத்தை விரித்தார்கள். பின்னணி இன்னும் தீட்டவில்லை. எல்லா ராஜாக்களையும் போல அவரும் முதலில் மீசையைப் பார்த்தார். திருப்தி. பிறகு தலைப்பாகை. பிறகு வாள்.

பார்வை கீழே இறங்கியது. அங்கேயே நின்றது.

தளவாய் எட்டிப் பார்த்தார். “கை தவறிடுச்சு போல, மகாராசா. மாத்தி எழுதச் சொல்றேன்.”

“தவறிடுச்சா?” என்று ராஜா சித்திரக்காரனைக் கேட்டார்.

இல்லையென்று தலையை மட்டும் அசைத்தான்.

ராஜா எழுந்தார். செருப்பைக்கூட மாட்டவில்லை. லாயத்துக்கு நடந்தார். தர்பாரே பின்னால் ஓடியது.

செண்பகத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார்.

சட்டென்று கையை எடுத்தார்.

திரும்ப வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை.

“எத்தன மாசம்?” ராவுத்தரிடமே நேராகக் கேட்டார்.

“எட்டு, மகாராசா.”

தளவாய் தரையைப் பார்த்தார்.

“எனக்கு வேற குதிரை பாரும்” என்றார் ராஜா அவரிடம்.

படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்த சித்திரக்காரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் செய்த வேலை வீண்தானே. மெதுவாகத் தாளைச் சுருட்டினான்.

“வேற குதிரை வெச்சுப் புதுசா எழுதிடறேன், மகாராசா.”

“வேண்டாம். இதையே வை. நான் திரும்பி வந்தப்புறம் முடிக்கலாம்.”

ராஜா சுருளை வாங்கிப் பிரித்தார். செண்பகத்தின் பக்கத்தில் வெறும் தாளாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க மட்டும் மரம் கிரம் எதுவும் போட்டுடாதே.”

பிறகு கையைத் தன் இடுப்புக்கு நேரே நீட்டி, காற்றில் தட்டையாக நிறுத்திக் காட்டினார்.

“இவ்வளவு உசரம் இருக்குமா, ராவுத்தரே?”