எஸ்தரின் முடிக்கற்றை

ஸ்பிரிட்டில் துடைத்த கைகளைக் கிருமி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவிட்டால், வேலை முடியும்வரை வெளியே எடுக்கக் கூடாது என்பது எங்கள் திசு வளர்ப்பு ஆய்வகத்தின் விதி. எஸ்தர் உள்ளே கைவிட்டு வாழைக்குருத்துகளைப் புதிய சீசாக்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். தொப்பியிலிருந்து நழுவிய முடிக்கற்றை அவள் கண்ணில் விழுந்தது. இரண்டு முறை ஊதிப் பார்த்தாள்.

“ஏய் கோதை, இதக் கொஞ்சம் ஒதுக்கி விடேன்டி.”

இரண்டு வருடமாக அவள் தோளில்கூட என் கை பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டால் என் ஆசை அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு என் பக்கத்து இருக்கை காலியாகிவிடும்.

“நான் இப்பத்தான் கை துடைச்சேன்” என்றேன்.

“இன்னொரு தடவ துடைச்சா கை தேஞ்சா போயிடும்?”

எழுந்து போய் முடியை அவள் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன். விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. பெட்டிக்குள் அவள் இடுக்கியும் நின்றது.

“முடி ஒதுங்கிருச்சு, கோதை.” அவள் குரல் இறங்கியிருந்தது.

“தெரியும்.”

பெட்டியின் காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை நகர்த்தவும் இல்லை. மறுபடி கை துடைக்க ஸ்பிரிட் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.