இலைக்குள் சோறு

முள்கரண்டியையும் கத்தியையும் தட்டைவிட்டுத் தள்ளி வைத்தார் நஞ்சுண்டன். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கை கழுவ எழுந்து போனார். திருமலைசாமிக்கு உள்ளுக்குள் கெட்டிமேளம்.

ஆள் கையால்தான் சாப்பிடப் போகிறார். கோயமுத்தூர் மால் ஒன்றின் மூன்றாவது மாடியில், சுவரெல்லாம் நீலமும் வெள்ளையுமாக அடித்த கிரேக்க ரெஸ்டாரண்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தனை பேர் பார்க்க. வரச் சொன்னதே இதற்குத்தானே.

மகள் பிரவீனா, சரவணம்பட்டி ஆபீசில் கூட வேலை பார்க்கும் நிதீஷைத்தான் கட்டுவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். பையனிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டது அவன் அப்பா நஞ்சுண்டன்தான். சென்னிமலையில் பெட்ஷீட் கடை, முழங்கை வரை மடித்த சட்டை, ரப்பர் செருப்பு.

திருமலைசாமியோ பம்ப்செட் கம்பெனி முதலாளி. ஐந்து நாள் டூரில் கிரீஸ் போய் வந்த கையோடு வீட்டு முகப்பில் நாலு வெள்ளைத் தூண் எழுப்பியவர். அந்தத் தூணுக்குக் கீழே இந்த ஆளை நிறுத்தி, சம்பந்தி என்று எந்த வாயால் சொல்வது?

வேண்டாம் என்று இவர் சொன்னால் மகள் பேச மாட்டாள். அவர்களாகவே கூச்சப்பட்டு ஓடிவிட்டால் பழி இல்லை. முதலில் காபிக்குக் கூப்பிடுவதாகத்தான் இருந்தார். மனைவி புவனாதான், “வெறும் காப்பிக்கு ஆருங்க மெரளுவாங்க? சோத்துக்கே கூப்புடுங்க” என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் சொன்ன உருப்படியான யோசனை இது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது.

வந்து உட்கார்ந்ததுமே நஞ்சுண்டன் தயங்கத்தான் செய்தார். “சாப்பாடேங்களா? காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டுப் பேசலாமுங்களே.” அவர் மனைவி மயிலாத்தாளும் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“காப்பியோட அனுப்பறதெல்லாம் நம்ம பழக்கத்துலயே இல்லீங்க. சாப்பிட்டுத்தான் ஆகணும்.”

“நல்லா ரோசனை பண்ணித்தான் சொல்றீங்களா?”

“சோறு போட ரோசனை எதுக்குங்க?” என்றார் திருமலைசாமி. பட்டிக்காட்டு பயம் எப்படி வேலை செய்கிறது பார் என்று புவனாவுக்குக் கண் காட்டினார்.

மெனு அட்டையை நீட்டி, அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு தாமே வாங்கி ஆர்டர் சொன்னார். ஒவ்வொரு பெயரையும் அவர் தொண்டையில் உருட்டிய உருட்டில் பரிமாறுகிறவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு தரம் கேட்டுவிட்டு, அட்டையில் விரல் வைத்துக் காட்டச் சொன்னார்.

ஏதென்ஸ் தெருவில் காற்றோடு தத்துவமும் சேர்ந்து வீசும் என்று திருமலைசாமி விளக்கினார். அந்தத் தத்துவத்தின் நடுவே ஐந்து நாளும் டூர்க்காரர் கட்டிக் கொடுத்த புளிசாதத்தைத் தின்றதை மட்டும் சொல்லவில்லை.

கை கழுவி வந்த நஞ்சுண்டன், தட்டில் விரல் நீளத்துக்குச் சுருட்டி வைத்திருந்த பச்சைப் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தார். திராட்சை இலைக்குள் சோறு, அங்கே ராஜ விருந்து என்றார் திருமலைசாமி.

“நாம இலை மேல வெச்சுத் திங்கறோம், அவங்க இலைக்குள்ள வெச்சுத் திங்கறாங்க. அவ்வளவுதானுங்களே.”

இலையைப் பிரித்து ஓரமாகப் போட்டார். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியைச் சோற்றின் தலையில் கவிழ்த்து, பிசைந்து, ஒரு வாய் வைத்தார். மயிலாத்தாளும் கை வைத்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திருமலைசாமியைத்தான் பார்த்தார்கள், அவருடைய முள்கரண்டிக்குத் தப்பிய ஆலிவ் காய் ஒன்று அவர்கள் காலடிக்கு உருண்டு போயிருந்தது.

புவனா எதிர்த் தட்டுகள் காலியாகக் காலியாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் திருமலைசாமி தொண்டையைச் செருமினார். ரெண்டு வீட்டுப் பழக்கவழக்கமும் ரெண்டு தினுசாக இருக்கிறது, ஒத்து வருமா என்று அவர்களே நிதானமாக யோசித்துச் சொல்லட்டும் என்று இழுத்தார்.

நஞ்சுண்டன் நிமிர்ந்து பார்த்தார். “ரோசிக்கத்தானுங்க மொதல்லயே ரெண்டு தரம் கேட்டேன். பேச்சு முடியாம பொண்ணூட்டுச் சோறு திங்கற வழக்கம் எங்களுக்கு இல்லீங்க. நீங்கதான் தின்னே ஆகணும்னீங்க. இனி நாள் பாக்கறதுதானுங்க சம்மந்தி.”

“இது ஓட்டலுங்க” என்றார் திருமலைசாமி.

“எங்க போட்டா என்னங்க, போட்டது நீங்கதானுங்களே.”

காப்பாற்றச் சொல்லி மனைவி பக்கம் திரும்பினார். புவனா ஃபோனைக் காதில் வைத்து மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“அம்மணி, நாம நெனச்சாப்பலயே உன்ற மாமனாரு கை நனைச்சுட்டாரு.”