அம்மாவுக்கு ஒரு நாற்காலி

அறுபது வயதுக்கு மேலும் அம்மா நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்ப்பது மகனுக்குப் பொறுக்கவில்லை. ஒற்றைக்காலில் நின்று அவள் கடையை மூடவைத்தான். கடைச் சாமான்களைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டான். அவள் பிறந்தநாளுக்கு, நன்றாகச் சாய்ந்துகொள்கிற மாதிரி மெத்தை நாற்காலி ஒன்றை வாங்கி அனுப்பினான்.

"நாற்காலி எப்படிம்மா?" என்று போனில் கேட்டான்.

"ஒரு நிமிஷம் சும்மா கிடக்கல."

"கழுத்துக்கு வசதியா இருக்கா?"

"சாஞ்ச உடனே கண்ணு சொக்கிடுதுடா."

மகனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கால் வைத்துக்கொள்ள ஒரு முக்காலியும் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வீட்டுக்குப் போனான்.

வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்புகள். அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறி உள்ளே ஓடினான்.

கூடத்தில், அந்த நாற்காலியில், எதிர்வீட்டு டீச்சர் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். கழுத்துவரை வெள்ளைத் துணி. பின்னால் சீப்பும் கத்தரிக்கோலுமாக அம்மா. பெஞ்சில் இன்னும் மூன்று பெண்கள்.

"அம்மா! நீ உக்காரத்தானே வாங்கிக் குடுத்தேன்?"

"முப்பது வருஷமா இந்தத் தெருப் பொண்ணுங்களுக்கு முடி வெட்டுறவ நான். என் நாற்காலியை நீ எடைக்குப் போட்டே. கத்தரிக்கோலை நான் ஒளிச்சு வெச்சுக்கிட்டேன். நாற்காலி ஒண்ணுதான் இல்லாம இருந்துச்சு. அதையும் நீயே அனுப்பிட்டே."

முக்காலியைப் பிடுங்கி டீச்சரின் காலடியில் போட்டாள்.

"உன் தலையும் காடாக் கிடக்கு. போய்க் கடைசியில உக்காரு."