கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம்

மணியடித்தும் டைப்பிஸ்ட் உள்ளே வரவில்லை. மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழுந்துபோய்க் கதவைப் படாரென்று திறந்தார்.

வெளியே அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இது ஆபீஸா, பிரார்த்தனை மண்டபமா?"

"ஒரு நிமிஷம்தான் சார். படபடப்பு அடங்கட்டும்னு..."

"நான் என்ன புலியா, கரடியா? வீட்லயும் இதே கூத்துதான். என் பொண்டாட்டி எப்பப் பாரு வாய்க்குள்ளயே முனகிக்கிட்டு இருப்பா. உனக்கு எவ இதைச் சொல்லிக்கொடுத்தா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலை!"

"மேடம்தான் சார்."

"எந்த மேடம்?"

"உங்க வீட்டம்மா சார். போன மாசம் நீங்க மறந்துட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் குடுக்க வந்தாங்க. நான் மாடிப்படியில உட்கார்ந்து அழுதுட்டிருந்தேன். பக்கத்துல உட்கார்ந்து இந்தப் பிரார்த்தனையைச் சொல்லிக்கொடுத்தாங்க. 'உள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிக்கோ, கை நடுங்காது. பதினஞ்சு வருஷமா, சாயங்காலம் காலிங்பெல் அடிச்சா, இதைச் சொல்லிட்டுத்தான் நான் கதவையே திறக்கறேன்'னாங்க."