உடைக்கிற கை

மே ஒன்பதாம் தேதி, காலை பத்து மணி, மகப்பேறு மருத்துவமனையின் இரண்டாம் மாடி. தம்பியின் குழந்தையைப் பார்க்க வந்த அக்கா, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பிடி அக்கா," என்று தம்பி குழந்தையோடு நொண்டி நொண்டி வந்தான்.

"வேணாம்டா. என்னோடது உடைக்கிற கை."

"பத்தொன்பது வருஷமா லேப்ல கண்ணாடிக் குழாய் கழுவுறே. ஒண்ணாவது உடைஞ்சிருக்கா?"

"குழாய் உடைஞ்சா வேற வாங்கலாம். ஆறு வயசுல உன்னைக் கீழே போட்டவடா நான்."

"எனக்கு ஞாபகமே இல்லையே!"

"எனக்கு மட்டும் இருக்கா? அம்மா சொல்லித்தான் தெரியும்."

"நல்ல ஜோடி நீங்க. அம்மாவும் ரெண்டு நாளா கை நடுங்குதுன்னு பாப்பாவைத் தொடல."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை.

"வாங்கிக்கோடி. அவனைப் போட்டது நான். தெரிஞ்சா உங்கப்பா என்னை உயிரோட விட்டிருக்க மாட்டாரு. சின்னப் பிள்ளைன்னா ரெண்டு அடியோட போயிடும்னு உன் மேல பழியைப் போட்டேன்."

அக்கா மெதுவாகக் கைகளை முன்னால் கொண்டுவந்தாள். தம்பி குழந்தையை அவற்றில் வைத்தான்.

மாலை வரை குழந்தை அக்காவிடமே இருந்தது. நடுவில் ஒருமுறை அம்மா கையை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை.